மறுபடியும் வரும் செவிலியர்தான் பள்ளிக்குத் தேவை

பெறுநர்:
இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை
இயக்குநர், பள்ளிக் கல்வித் துறை, சென்னை

பொருள்: அரசுப் பள்ளிகளில் சுகாதாரச் செவிலியரின் பணி நாள், பரிந்துரைச் சீட்டு, பின்தொடர்தல் குறித்து

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினால், ஜாமெட்ரி பாக்ஸுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு சீட்டு கிடக்கும். மருத்துவக் குழு வந்துபோன நாளில் கொடுத்தது. 'பார்வைக் குறைபாடு. அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்' என்று எழுதியிருக்கும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை, எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒன்றும் இருக்காது. கூலி வேலைக்குப் போகும் அப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துப் போகிறார். அன்று கண் மருத்துவர் வரும் நாள் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டாம் முறை அவர் போவதில்லை. பதிவேட்டிலோ அந்தப் பிள்ளை 'பரிந்துரைக்கப்பட்டார்' என்ற கணக்கில் ஏறி, அந்த ஆண்டின் இலக்கும் நிறைவேறிவிடுகிறது.

இந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். கிராம சுகாதார செவிலியர்களாகவும் பகுதி சுகாதார செவிலியர்களாகவும் பள்ளிப் பணி பார்க்கும் நாங்களும், எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் ஆசிரியர்களும் இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே: பரிசோதனை நடந்த பிறகு அதே பள்ளிக்குத் திரும்பிப் போக செவிலியருக்கு நாள் ஒதுக்குங்கள்.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் செய்யும் வேலை பெரியது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என நான்கையும் 18 வயது வரை அவர்கள் பார்க்கிறார்கள். அவர்கள் காது வைத்துக் கேட்டதால் இதய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை முடிந்து ஓடி விளையாடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்த வண்டி பள்ளிக்கு வருவது ஆண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஊருக்குள் இருப்பது நாங்கள்தான்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளில் 1897 முதல் மருத்துவர்கள் பரிசோதனை செய்தார்கள். சொறி, படர்தாமரை, பேன், கண்நோய் என்று கண்ட பிள்ளைகளை வகுப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லை. விலக்கப்பட்ட பிள்ளைகள் மாலையில் அதே தெருவில், அதே வகுப்புப் பிள்ளைகளோடு விளையாடினார்கள். லில்லியன் வால்ட் என்ற மூத்த செவிலியர் எடுத்த முயற்சியில் 1902 அக்டோபர் 1 அன்று லீனா ராஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளில் பணியைத் தொடங்கினார். சின்னச் சின்னத் தொற்றுகளுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டார். பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் செய்முறை காட்டினார். 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த விலக்கல் எண்ணிக்கை, செவிலியர்கள் கூட்டப்பட்ட பின் 1903 செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தது. அந்த ஓராண்டில் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. மருந்தை வீடுவரை கொண்டுபோக ஆள் வந்திருந்தார்.

கண் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையை 6 மீட்டர் தூரத்தில், பிள்ளையின் கண்மட்டத்தில், வெளிச்சம் அட்டை மேல் விழும்படி மாட்ட வேண்டும். பல வகுப்பறைகளில் 6 மீட்டர் கிடைக்காது. அங்கே 4 மீட்டரில் நிறுத்திப் பார்த்துவிட்டால் குறைபாடுள்ள பிள்ளையும் தேறிவிடும். வராந்தாவில் வைக்கலாம், ஆனால் அட்டைக்குப் பின்னால் வெயில் இருக்கக் கூடாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத் தெரியும். விரல்களால் மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் நிற்பவர் படிப்பதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் கீழ்வரியை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்து தெரியாத ஒன்றாம் வகுப்புக்கு, ஆங்கில 'E' எழுத்தின் கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டும் 'E' அட்டை. அட்டையில் 6/9 என்று குறித்த வரி தெரியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் பயிற்சி பெற்ற ஆசிரியரும் நன்றாகவே செய்வார். செவிலியர் தேவைப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில். ஒரு கண் மட்டும் மங்கிய பிள்ளைக்குத் தன் குறை தெரியாது. நல்ல கண் வேலையை முடித்துவிடும். அந்தச் சோம்பல் கண்ணை ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் நன்றாக மீட்கலாம். வயது ஏற ஏற மீள்வது கடினம். ஒன்றாம் வகுப்பில் கொடுத்த சீட்டு நான்காம் வகுப்புவரை பையில் கிடந்தால் அந்தக் கண்ணின் நல்ல காலம் கடந்துவிடும். இலவசக் கண்ணாடி வந்த பிறகும் வேலை முடிவதில்லை. சட்டகம் பெரிதாக இருந்து மூக்கில் நழுவும், 'சோடாபுட்டி' என்று கேலி செய்வார்கள், பிள்ளை கழற்றிப் பைக்குள் வைத்துவிடும். கண்ணாடி கொடுத்த இரண்டாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் ஒருவர் வகுப்புக்குப் போய், போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் யாருடைய பணிப் பட்டியலிலும் இல்லை.

அடுத்தது ரத்தசோகை. 2018-இல் வந்த 'ரத்தசோகை இல்லா இந்தியா' திட்டப்படி 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை: 45 மி.கி. இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 10 முதல் 19 வயது வரை வாரம் ஒரு நீல மாத்திரை: 60 மி.கி., 500 மைக்ரோகிராம். இது தடுப்புக்கான அளவு. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள வளரிளம் பிள்ளைக்கு இது போதாது. அவருக்குத் தினமும் இரண்டு நீல மாத்திரை வீதம் மூன்று மாதம் தர வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஹீமோகுளோபின் பார்க்காமல் வகுப்பு முழுவதற்கும் வாரம் ஒன்று கொடுத்துவிட்டு, சோகைக்கு வைத்தியம் நடக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. 9 கிராம் உள்ள சிறுமியும் 12.5 கிராம் உள்ள சிறுமியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாத்திரையை விழுங்குகிறார்கள்.

அளவுகள் தெளிவாகவே இருக்கின்றன. 5 முதல் 11 வயதுக்கு 11.5 கிராமுக்குக் கீழ், 12 முதல் 14 வயதுக்கும் அதற்கு மேற்பட்ட சிறுமியருக்கும் 12-க்குக் கீழ், 15 வயதும் அதற்கு மேலும் ஆன பையன்களுக்கு 13-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. 8-க்குக் கீழ் போனால் மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் தினமும் சாப்பிட்டும் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் காரணம் வேறு. மருத்துவர் பார்க்க வேண்டும். நீலகிரிப் பழங்குடிப் பிள்ளைகளிடம் இதை மறக்கவே கூடாது. ரத்தசோகையை உண்டாக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலில் 1952-இல் கண்டறியப்பட்டது அந்த மலையில்தான்.

விரல் நுனியில் ரத்தம் எடுப்பது எளிதுபோலத் தெரியும். ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினாலும் எண் தவறும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். மழைக்காலத்தில் பரிசோதனைப் பட்டைகளின் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, தொங்கவிட்டு, நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தினால் துளி தானாக உருளும். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் ஆகும். 40 பேர் வகுப்புக்கு இரண்டு மணி நேரம். 'அரை மணியில் முடித்துவிடுங்கள்' என்றால் கிடைக்கும் எண்களை நம்ப முடியாது.

மாத்திரை விழுங்க வைப்பது தனிக் கலை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த வரிசைக்கும் குமட்டும். பிறகு பெற்றோர் வாசலில் கூடுவார்கள், அந்தப் பள்ளியில் ஆறு மாதத்துக்கு யாரும் மாத்திரையைத் தொட மாட்டார்கள். சத்துணவு முடிந்த பிறகு, தண்ணீரோடு, ஆசிரியர் கண் முன்னால் தர வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு அதன் பிறகே கொடுத்துவிடலாம். டீ, காபி கூடாது. இரும்பை உடம்பு ஏற்காமல் தடுக்கும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ உதவும். மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வாரத்து மாத்திரைகள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே கிடக்கும். ஒரு பள்ளியில் திட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்கள் பதிவேட்டுக்கு முன்னால் அந்த ஜன்னலடியைத்தான் பார்ப்போம். மண்ணில் நீலச் சாயம் கரைந்திருக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளைக்கு அன்று தரக் கூடாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காக ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்குத் தரவே கூடாது. அது யார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடற்புழு நீக்க நாள் பற்றி ஒரே ஒரு சொல். அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையைக் கடித்து மென்று சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளை முழுசாக விழுங்கினால் தொண்டையில் சிக்கும்.

10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசியில் அதிகம் தவறுவது குளிர்ப்பெட்டி. இந்த மருந்து உறைந்தால் பயன்படாது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகப் பெட்டிக்குள் வைத்தால், பக்கத்தில் இருக்கும் குப்பி பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிடலாம். பேக்கை வெளியே வைத்து, வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். 'ஒன்பது மணிக்குப் பிரேயர், அதற்குள் வாருங்கள்' என்று அவசரப்படுத்தினால் தவறு அங்கேயே தொடங்குகிறது.

ஊசி போடும் அறைக்கு முடிந்தால் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறினால் வரிசையில் நிற்பவர்கள் ஊசியைப் பார்க்க மாட்டார்கள். வளரிளம் பிள்ளைகள் மயங்கி விழுவது பெரும்பாலும் பயத்தாலும் பசியாலும்தான். உட்கார வைத்துப் போட வேண்டும். அரை மணி நேரம் பக்கத்து அறையில் அமர்த்திக் கவனிக்க வேண்டும். மயங்கினால் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடுவார்கள். மூச்சு இரைப்பும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தால் அது வேறு. அதற்கு அட்ரினலின் எங்கள் பையில் இருக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லி ஒப்புதல் வாங்கும் பேச்சு ஒரு சுற்றறிக்கையால் நடக்காது. ஏற்கெனவே முகம் தெரிந்த செவிலியர் சொன்னால்தான் அம்மாக்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டவர்கள்தான் பிறகு ஒப்புக்கொள்கிறார்கள்.

நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்கள் பட்டியல் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை. வலிப்பு வந்தால் இன்றும் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது, கையைக் கிழிக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வாயில் எதையும் வைக்கக் கூடாது. இன்சுலின் போடும் பிள்ளை திடீரென வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாய்வழி எதுவும் கூடாது. அந்தப் பிள்ளை பாட வேளையில் தின்பண்டம் சாப்பிட்டாலோ கழிவறைக்குப் போகக் கேட்டாலோ மறுக்காதீர்கள் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். கீல்வாதக் காய்ச்சலால் இதயம் பாதித்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறக் கூடாது. அது தவறும் மாதங்கள் தேர்வு மாதங்கள். 'பரிட்சை முடியட்டும்' என்று வீட்டில் தள்ளிப்போடுகிறார்கள்.

வளரிளம் பெண்களுக்குப் புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு நாப்கின். மாதத்துக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நாங்களே வகுப்பில் சொல்கிறோம். நான்கு நாளுக்குப் பதினாறு வேண்டும். கணக்கு இடிக்கிறது. அதனால் காலையில் வைத்ததை மாலைவரை மாற்றாமல் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் அடக்கிச் சிறுநீர்த் தொற்றோடு வருகிறார்கள். அளவை உயர்த்துங்கள் என்று கேட்கிறோம். அதுவரை, அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரு பெட்டி பெண்கள் கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டி வைத்தால் எந்தச் சிறுமியும் போய்க் கேட்க மாட்டாள்.

இன்னொன்று. வயிற்றுவலி என்று வாராவாரம் வரும் பிள்ளைக்கு எப்போதும் வயிற்றில் நோய் இருப்பதில்லை. வீட்டிலோ வழியிலோ நடப்பதைச் சொல்ல வழி தேடி வருகிறது. கதவு சாத்திய ஓர் அறையும், அவசரப்படாத ஒருவரும் இருந்தால் மூன்றாம் முறை வாய் திறக்கும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அத்தகைய குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை என்பது எங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் எவரிடமும் எந்தப் பிள்ளையும் அதைச் சொல்லாது.

இனி எங்கள் நாட்கள். ஒரு துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு என்பது கணக்கு. செவ்வாய் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன் தடுப்பூசி. மீதி நாட்களில் வீடு பார்த்தல், கூட்டங்கள், கணினிப் பதிவு. பள்ளி இதற்கு நடுவில் 'முடிந்தால்' என்று நிற்கிறது. ஒரு பள்ளிக்கு மாதம் இரண்டு அரைநாள் என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். துணை நிலையத்துக்கு மூன்று பள்ளி என்றால் மாதம் மூன்று முழு நாள். அந்த நாட்களில் வேறு கூட்டத்துக்கு அழைக்கக் கூடாது. 800, 1,000 பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளிகளுக்கு இது போதாது. அவற்றுக்குப் பள்ளிப் பணி மட்டுமே பார்க்கும் தனிச் செவிலியர் பணியிடம் வேண்டும். வட்டாரத்துக்கு ஒன்றிலிருந்தாவது தொடங்குங்கள்.

பரிந்துரைச் சீட்டை மாற்றுங்கள். மாணவரின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உள்ள அடையாள எண்), மருத்துவமனையின் பெயர், மருத்துவர் இருக்கும் கிழமை, அறை எண், எடுத்துப்போக வேண்டியவை, அழைத்துப் பேச எண் ஆகியவை தமிழில் இருக்கட்டும். மூன்று பிரதி: ஒன்று பெற்றோருக்கு, ஒன்று பள்ளிக்கு, ஒன்று எங்களுக்கு. பெற்றோர் பிரதியின் அடிப்பகுதியை மருத்துவமனையில் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். இரண்டு வாரத்தில் அது திரும்பவில்லை என்றால் நாங்கள் வீட்டுக்குப் போவோம். மாத அறிக்கையில் 'பரிந்துரைக்கப்பட்டவர்கள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'சிகிச்சை பெற்றவர்கள்' என்று ஒரு கட்டம் சேருங்கள். மேலதிகாரிகள் எந்தக் கட்டத்தைக் கேட்கிறார்களோ அதில்தான் வேலை நடக்கும்.

பள்ளிக் கல்வித் துறையிடம் நாங்கள் கேட்பது குறைவு. ஒரு பெஞ்சும் மறைப்புத் துணியும் உள்ள மூலை, கை கழுவத் தண்ணீர், எங்கள் நாளில் தேர்வு வைக்காமல் இருப்பது, வகுப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் பட்டியல். அந்தப் பக்கம் மற்ற பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது.

ஜூனில் பள்ளி திறக்கும்போது புதிய சீட்டு அச்சாகி வர வேண்டுமானால், ஏப்ரலுக்குள் இரு துறைகளும் சேர்ந்து உத்தரவிட வேண்டும். சீட்டின் மாதிரியையும், இரண்டு அரைநாள் வருகைக்கான கால அட்டவணையையும் தயாரித்து வைத்திருக்கிறோம். அழைத்தால் கொண்டுவந்து விளக்குகிறோம். செவ்வாய், புதன் தவிர எந்த நாளும் எங்களுக்குச் சரி.

இப்படிக்கு,
பள்ளிப் பணியில் உள்ள கிராம, பகுதி சுகாதார செவிலியர்களும் ஆசிரியர்களும்